பழைய செல்போன் தொழிலும் எங்கள் குழுவும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் செய்யும் உறுப்பினர்கள் அமர்வில் பேசியது)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "பழைய கைபேசி விற்பனையிலும் மறுசுழற்சியிலும் சிறுதொழில் செய்வோருக்கு உள்ள புதுமைச் சவால்கள்". நோட்டீஸ்ல இதைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர், "பத்தாவது படிச்சுட்டு நீ இதுல என்ன பேசப் போற?"ன்னு கேட்டார். பத்தாவதுதான். ஆனா ஒரு நாளைக்கு ஏழெட்டு போன் கழட்டி மாட்டுறேன். அதுல பார்த்ததைச் சொல்றேன்.

எங்க கடை ஆரம்பிச்ச கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 2020-ல கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடினப்ப பாடமெல்லாம் போன்ல வந்துச்சு. எங்க குழுவுல 14 பேர். ஒன்பது வீட்டுல பிள்ளைங்க படிக்கிறாங்க, டச் போன் இருந்தது நாலு வீட்டுலதான். அதையும் ஆம்பளைங்க வேலைக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்ப எங்க பிரதிநிதி அக்கா, அவங்க தம்பி உடைச்சுப் போட்டு வச்சிருந்த ஒரு போனை ஒட்டன்சத்திரத்துல கொடுத்து 1,100 ரூபாய்க்கு டிஸ்ப்ளே மாத்திக்கிட்டு வந்தாங்க. அந்த ஒரே போன்ல மூணு வீட்டுப் பிள்ளைங்க முறை வச்சுப் படிச்சதுங்க. அதைப் பார்த்துத்தான் நாலு பேர் சேர்ந்து இந்தத் தொழில் பண்ணலாம்னு கூட்டத்துல பேசினோம். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துல செல்போன் பழுது பார்க்கிறதுக்கு 30 நாள் பயிற்சி இருக்கு, சாப்பாட்டோட இலவசம். நானும் இன்னொரு தங்கச்சியும் போனோம். எங்க பேட்ச்ல பொம்பளைங்க நாங்க ரெண்டு பேர்தான். அப்புறம் குழுக் கடன் வாங்கி, பஸ் ஸ்டாப் பக்கத்துல எட்டுக்குப் பத்து ரூம் ஒண்ணு பிடிச்சோம்.

ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல நோக்கியா ஃபேக்டரி வந்தப்ப, ஊர்ப்பக்கத்துப் பொம்பளைப் பிள்ளைங்க ஆயிரக்கணக்குல போய் போன் செஞ்சாங்க. 2014-ல அதை மூடிட்டாங்க. இப்ப அந்தப் பக்கமே ஐபோன் செய்யறாங்க, அங்கயும் லைன்ல நிக்கிறது பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளைங்க. செய்யறதுக்குப் பொம்பளை கை வேணும், கழட்டிப் பார்க்கிறது மட்டும் ஆம்பளை வேலைன்னு யார் பிரிச்சு வச்சாங்களோ. இன்னைக்கும் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர், "தம்பி இல்லையாம்மா?"ன்னு உள்ளே எட்டிப் பார்க்கிறாங்க. அவங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து உக்கார வச்சுட்டு, நானே ரிப்பேர் பார்த்துக் கொடுத்துருவேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம ஊருக்குள்ள ஒரு வண்டி வருது பாருங்க. மைக் கட்டிக்கிட்டு, ஓடாத செல்போன், உடைஞ்ச செல்போன் இருந்தா கொடுங்க, குடம், அன்னக்கூடை, பிளாஸ்டிக் சேர் வாங்கிக்கங்கன்னு. நம்மள்ல எத்தனை பேர் கொடுத்திருக்கோம்? கை தூக்க வேண்டாம், எனக்கே தெரியும். எங்க ஊர்ல பாதி வீட்டுல இருக்கிற பச்சைக் குடம் அப்படி வந்ததுதான்.

போன் ஓடலைன்னா உள்ளே இருக்கிறதும் போயிருச்சுன்னு நாம நினைச்சுக்கிறோம். போன் கீழே விழுந்தா பெரும்பாலும் சாகிறது டிஸ்ப்ளே. இல்லாட்டி சார்ஜிங் பின், இல்லாட்டி பேட்டரி. போட்டோ, வீடியோ, மெசேஜ் எல்லாம் உள்ளே போர்டுல ஒரு சின்ன மெமரி ஐ.சி.ல அப்படியே இருக்கும். லாக் போடாத போனா இருந்தா, வேற டிஸ்ப்ளே ஒண்ணைச் செருகினா அஞ்சே நிமிஷத்துல எல்லாம் கண்ணு முன்னாடி வந்துரும். குழந்தையைக் குளிப்பாட்டுறப்ப எடுத்த படம் இருக்கும். பாஸ்புக்கையும் ஆதாரையும் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பியிருப்போம். பின் நம்பரை மறந்துருவோம்னு, பேரு மாதிரி காண்டாக்ட்ல பதிஞ்சு வச்சிருக்கிற அக்காங்க எத்தனை பேர்! அந்தக் குடத்தோட விலை 80 ரூபாயோ 100 ரூபாயோ. கொடுத்துட்டுப் போனது என்னன்னு நாம கணக்குப் பார்க்கல.

ஒரு நாள் சாயந்திரம் ஒரு பொண்ணு வந்துச்சு. கல்யாணம் ஆகி ரொம்ப நாள் இருக்காது. கடையில ரெண்டு ஆம்பளைங்க ரீசார்ஜ் பண்ண நின்னாங்க. அவங்க போற வரைக்கும் வெளியிலயே நின்னுச்சு. அப்புறம் உள்ளே வந்து, முந்தானையில சுத்தி வச்சிருந்த பழைய போனை எடுத்து மேசை மேல வச்சு, "காசு ஒண்ணும் வேண்டாங்கக்கா, இதை இல்லாம ஆக்கிக் கொடுங்க"ன்னு சொல்லுச்சு. எதுக்குன்னு நாங்க கேட்கல. போன் ஓடல, போர்டுலயே கோளாறு. பின்பக்கம் திறந்து முதல்ல பேட்டரியைக் கழட்டித் தள்ளி வச்சேன். போர்டை எடுத்து எது மெமரின்னு காட்டி, சுத்தியலை அது கையிலயே கொடுத்தேன். நாலு அடி அடிச்சுச்சு. அஞ்சாவது அடி தேவையில்ல, ஆனாலும் அடிச்சுச்சு. அப்புறம் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருச்சு.

அன்னைக்குச் செஞ்சதைத்தான் இப்ப எங்க கடை முறையா வச்சிருக்கோம். பழைய போன் விக்க வந்தா, அவங்க முன்னாடிதான் அழிப்போம். ஓடாத போனுக்கு எங்ககிட்ட இருக்கிற டிஸ்ப்ளேயை மாட்டி உயிர் கொடுத்து, வேணுங்கிற போட்டோவை அவங்களுக்கு எடுத்துக் கொடுத்துட்டு அழிப்போம். உயிரே வராத போனுக்குச் சுத்தியல். தேதி போட்டு, "என் முன்னிலையில் அழிக்கப்பட்டது"ன்னு நோட்டுல கையெழுத்து வாங்கிக்குவோம். கையெழுத்துத் தெரியாதவங்க கைநாட்டு வைப்பாங்க. நாப்பது பக்க நோட்டுல ரெண்டு நோட்டு முடிஞ்சு மூணாவது ஓடுது.

போன வருஷம் ஒரு கூட்டத்துல, புதுமையா ஒரு ஆப் பண்ணுங்கன்னு சொன்னாங்க. ஆப் பண்றவங்க பண்ணட்டும். அந்த நோட்டைப் பார்த்து நம்பித்தான் பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் பொம்பளைங்க எங்ககிட்ட போன் கொண்டு வர்றாங்க. டவுன் கடையில 200 ரூபாய் கூடக் கிடைச்சாலும் இங்கதான் வர்றாங்க.

நீங்க எங்க வித்தாலும் சரி, இதை மட்டும் மறந்துராதீங்க. முதல்ல செட்டிங்ஸ்ல போய் உங்க கூகுள் கணக்கை எடுத்துட்டு, அப்புறம் ரீசெட் போடுங்க. சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டிக்கங்க. கணக்கை எடுக்காம பட்டனை அமுக்கி ரீசெட் போட்டா, போன் மறுபடி திறக்கிறப்ப அந்தப் பழைய ஜிமெயில் என்ன, பாஸ்வேர்டு என்னன்னு கேட்டு நின்னுக்கும். அந்த ஜிமெயிலை யாரோ கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்திருப்பான், அந்தப் பையன் இப்ப திருப்பூர்ல இருப்பான். நல்லா ஓடுற போன், பூட்டிக்கிட்டு கல்லா உக்காந்திருக்கும். எங்ககிட்ட வர்ற பத்து போன்ல ஒண்ணாவது இப்படித்தான். குறுக்கு வழியில திறந்து தர்றவங்களும் இருக்காங்க. நாங்க அதைச் செய்யறதில்ல. ஏன்னா திருடின போனுக்கும் அதே வழிதான்.

அடுத்ததும் திருட்டுப் போன் பத்தினதுதான். பழைய போன் வாங்கி விக்கிறவங்களுக்கு ராத்திரி தூக்கம் கெடுற விஷயம் இது. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்கினா குற்றம், இப்ப இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 317-ஆவது பிரிவு. தெரியாம வாங்கினேன்னு சொல்றதுக்கும் கையில ஆதாரம் வேணும். நல்ல வேளையா இப்ப ஒரு வழி இருக்கு. எந்தப் போன்லயும் *#06# அடிச்சா 15 இலக்கத்துல ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதை எழுதிக்கிட்டு, உங்க போன்ல இருந்து ஆங்கிலத்துல கே, ஒய், எம்னு மூணு எழுத்து அடிச்சு, ஒரு இடம் விட்டு அந்த எண்ணையும் அடிச்சு, 14422-க்கு மெசேஜ் அனுப்புங்க. அது என்ன போன், எந்தக் கம்பெனின்னு பதில் வரும். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டுல இருக்குன்னு வந்தா தொடாதீங்க. மத்திய அரசோட சஞ்சார் சாத்தி திட்டத்துல இது இருக்கு. உங்க போன் தொலைஞ்சாலும் போலீஸ்ல புகார் கொடுத்துட்டு அதே இடத்துலதான் போனை முடக்கச் சொல்லிப் பதியணும்.

இதை எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி செய்யறதுதான் கஷ்டம். எங்க வீட்டுக்காரர் வழியில சொந்தக்காரர் ஒருத்தர், எனக்குச் சித்தப்பா முறை, ஒரு நல்ல போன் கொண்டு வந்தார். நான் எண்ணைப் பார்த்து மெசேஜ் அடிக்கிறதைப் பார்த்ததுமே முகம் மாறிருச்சு. "என்னத்தா, என்கிட்டயுமா?"ன்னார். "எங்க அப்பா வந்தாலும் இதுதான் சித்தப்பா"ன்னேன். பதில் வந்துச்சு, பிளாக்லிஸ்ட்னு. பாவம், அவர் அதைப் பஸ் ஸ்டாண்டுல யாரோ விக்க, 2,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கார். எங்க பிரதிநிதி அக்காவே அவரோட ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைச்சுட்டு வந்தாங்க. போன் உரியவங்களுக்குப் போயிருச்சு, சித்தப்பாவோட 2,000 போனது போனதுதான். மூணு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வரல. எங்க மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க. அதுக்காக மெசேஜ் அடிக்கிறதை நிறுத்த முடியுமா? அன்னைக்கு அதை வாங்கி வித்திருந்தா, வாங்கினவங்க வீட்டு வாசல்ல போலீஸ் நின்னிருக்கும், அப்புறம் எங்க கடை வாசல்ல.

தொழில்ல லாபம் வருதான்னு கேட்பீங்க. வருது, ஆனா வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே வருது. முன்னாடி 1,200-க்கு ஒரு போன் எடுத்து, 900-க்கு டிஸ்ப்ளே போட்டு, 2,800-க்குக் கொடுப்போம். இப்ப கம்பெனிக்காரங்களே பழைய போனை எடுத்துக்கிட்டுப் புதுசு தர்றாங்க. நல்ல பழைய போன் எல்லாம் அப்படியே போயிருது, நம்ம கைக்கு வர்றது ஒடைசல் மட்டும். வட்டியில்லாத் தவணைன்னு புதுப் போனும் கிடைக்குது. ஆனா தவணை கட்டலைன்னா போனையே பூட்டுற மாதிரி உள்ளே வச்சுத் தர்றாங்க. தவணை முடியாத போனைச் சில பேர் எங்ககிட்ட விக்கக் கொண்டு வருவாங்க. இன்னைக்கு ஓடும், அடுத்த மாசம் அஞ்சாம் தேதி பூட்டிக்கும். அதனால பில்லையும், தவணை முடிஞ்ச சீட்டையும் கேட்கிறோம்.

பார்ட்ஸ் கதை தனி. நாங்க திண்டுக்கல், மதுரையில எடுக்கிறோம், அங்கேயும் கிடைக்கலைன்னா சென்னை ரிச்சி தெருவுல இருந்து பார்சல். ஒரே போனுக்கு மூணு தரத்துல காம்போ வரும், பார்த்தா ஒண்ணு போலவே இருக்கும், ஒண்ணு மூணு மாசத்துல மஞ்சளாப் போயிரும். சில போன் பின்பக்கம் திருகாணி இல்லாம பசை போட்டு ஒட்டியிருக்கு. பேட்டரி மாத்தணும்னா சூடு காட்டி உரிக்கணும், அதுல டிஸ்ப்ளே போனா நஷ்டம் நமக்கு. ஐபோன்ல வெளியில டிஸ்ப்ளே மாத்தினா, இது அசல் பார்ட்டுன்னு உறுதி பண்ண முடியலன்னு போனே எழுதிக் காட்டுது. வாங்கினவங்க நம்மளைத்தான் பார்ப்பாங்க. பழுது பார்க்கும் உரிமைன்னு மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல ஒரு இணையதளம் திறந்தாங்க. நல்ல விஷயம்தான், ஆனா நம்ம மாதிரி கடைக்கு அசல் பார்ட்ஸ் நியாய விலையில கைக்கு வந்து சேரணும். அது இன்னும் வரல.

இன்னொண்ணு, போன் நல்லா இருக்கும், உள்ளே ஓடுற சாஃப்ட்வேர் பழசாகியிருக்கும். 2025 ஜனவரியில இருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ இருக்கிற போன்ல வாட்ஸ்அப் வேலை செய்யாது. கூட்டச் செய்தி முழுக்க வாட்ஸ்அப்ல வர்ற காலத்துல அந்தப் போனை யார் வாங்குவாங்க? பழைய பட்டன் போன் நிறைய 4ஜி இல்லாதது, அதுல ஜியோ சிம் போட்டா பேசவே முடியாது. இதெல்லாம் நம்ம கையில இல்ல.

நம்ம கையில இருந்ததைச் செஞ்சோம். வயசானவங்களுக்குன்னு போனைத் தயார் பண்ணிக் கொடுக்கிறோம். எழுத்தைப் பெருசாக்கி, வேண்டாத படத்தையெல்லாம் எடுத்துட்டு, மகன், மக, டாக்டர், ஆட்டோக்காரர்னு ஆள் போட்டோ போட்டு முகப்புலயே வைப்போம். படத்தைத் தொட்டா போன் போயிரும், படிக்கத் தெரிய வேண்டியதில்ல. பணமோசடிப் புகார் எண் 1930-ஐயும் சேர்த்து வைக்கிறோம். இதுக்கு 150 ரூபாய் கூடக் கேட்டா யாரும் பேரம் பேசறதில்ல. மகன் வெளியூர்ல இருக்கிற அம்மாச்சிங்க எங்களுக்கு நல்ல கஸ்டமர். அப்புறம் மூணு மாச உத்தரவாத அட்டை, உறுப்பினர்களுக்குக் குழு மூலமா வாரத் தவணை. இந்தத் தவணையில இதுவரைக்கும் ஒரு பைசா நிலுவை இல்ல, வங்கி மேலாளர் சார் இதைக் கொஞ்சம் குறிச்சுக்கணும்.

இனி நான் முக்கியமா சொல்ல வந்தது. எங்க கடைக்குப் பின்னாடி ரெண்டு சாக்கு மூட்டை இருக்கு. 38 கிலோ. ரிப்பேருக்கும் உதவாத, பார்ட்ஸும் எடுத்து முடிச்ச போன், போர்டு, சார்ஜர். பேட்டரியை மட்டும் கழட்டி, முனையில டேப் ஒட்டி, காய்ஞ்ச மணல் போட்ட தகர டின்ல வெளியில தனியா வச்சிருக்கோம். உப்பின பேட்டரி குத்துப்பட்டா தீ பிடிச்சிரும், அதனால குப்பையிலயோ அடுப்புலயோ போடக்கூடாது. நம்ம தூய்மைக் காவலர் அக்காங்க வெறுங்கையில அதையெல்லாம் பொறுக்கறாங்க, நினைச்சாலே பதறுது.

அந்த ரெண்டு மூட்டைக்கு ஒரு பழைய சாமான் வியாபாரி 4,500 ரூபாய் தர்றேன்னார். எங்க கடனுக்கு மாசம் 6,000 கட்டணும். கூட்டத்துல பேசினோம். ஒரு அக்கா, "காசு வருது, கொடுத்துருவோம், வாங்கிட்டுப் போறவங்க என்ன பண்ணினா நமக்கென்ன?"ன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பு இல்ல, அந்த மாசம் கல்லாவுல 1,900 ரூபாய்தான் இருந்துச்சு. ஆனா என்ன பண்றாங்கன்னு எங்களுக்குத் தெரியும். காலனிக்குப் பின்னாடி ஓடைக்கரையில வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறதைப் பார்த்திருக்கோம். மேல இருக்கிற பிளாஸ்டிக் எரியறப்ப வர்ற புகையில டயாக்சின்னு ஒரு விஷம் இருக்கு. போர்டுல ஈயம் இருக்கு, அது சின்னப் பிள்ளைங்க மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வடக்க, பித்தளைச் சாமானுக்குப் பேர்போன மொராதாபாத்ல போர்டை எரிச்சும் ஆசிட்ல போட்டும் தங்கம், செம்பு பிரிக்கிறதே குடிசைத் தொழில் மாதிரி ஆகி, சாம்பலெல்லாம் ராமகங்கை ஆத்தங்கரையில சேர்ந்து கிடந்ததுன்னு படிச்சேன். நம்ம ஓடைத் தண்ணியை ஆடு மாடு குடிக்குது.

போன்ல தங்கம் இருக்கான்னு எல்லாரும் கேட்பாங்க. இருக்கு. அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் முகமை போட்ட கணக்குப்படி பத்து லட்சம் போன்ல சுமார் 34 கிலோ தங்கம். பிரிச்சுப் பார்த்தா ஒரு போன்ல குன்றிமணி எடையில கால் பங்கு. ஒரு பவுன் சேர 230 போனுக்கு மேல வேணும். வீட்டுல உக்காந்து ஆசிட் ஊத்தி எடுக்கிற சமாச்சாரம் இல்ல, ஆனா சேர்த்து எடுத்தா நல்ல வரும்படி. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஜப்பான்காரங்க மக்கள்கிட்ட பழைய போன் 62 லட்சம், கூட மத்த சின்னச் சாமான்களும் வாங்கி, அதுல இருந்து 32 கிலோ தங்கம் எடுத்து, வெள்ளி, வெண்கலமும் எடுத்து, கிட்டத்தட்ட 5,000 பதக்கம் செஞ்சுட்டாங்க. உலகம் முழுக்க 2022-ல சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணினதா கணக்குல வந்தது நூத்துக்கு 22 பங்குதான்.

நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு. 2022-ல போட்ட மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1-ல இருந்து அமல். போன் செஞ்சு விக்கிற கம்பெனிதான் அது கழிவாகுறப்பவும் பொறுப்பு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பண்ணின ஆலை மறுசுழற்சி பண்ணி, அதுக்கான சான்றிதழைக் கம்பெனி விலை கொடுத்து வாங்கிக்கும். சான்றிதழ் ஆலைக்கும் கம்பெனிக்கும் நடுவுல கைமாறுது. வீடு வீடா போய்ச் சேர்த்து, பேட்டரியைக் கழட்டி, மூட்டை கட்டி வச்சிருக்கிற நம்ம மாதிரி ஆளுக்கு அதுல இடம் எங்கன்னுதான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்.

அப்படிப் பதிவு பண்ணின ஆலைகள் பெரும்பாலும் சென்னையைச் சுத்தி, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருக்கு. ஒரு ஆலைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. 500 கிலோ சேர்ந்தா வண்டி அனுப்புறோம், அதுக்குக் கம்மின்னா லாரி வாடகை உங்களுதுன்னாங்க. கிலோவுக்குத் தர்ற விலை அந்த வியாபாரி சொன்னதை விடக் கம்மி. புகைபோக்கி, சுத்திகரிப்பு, கணக்கு வழக்குன்னு அவங்களுக்குச் செலவு இருக்கு. ஓடைக்கரையில கொளுத்துறவங்களுக்கு என்ன செலவு, தீப்பெட்டிதான்.

38 கிலோ வச்சுக்கிட்டு நாங்க 500 கிலோவுக்கு எங்க போவோம்? இங்கதான் கூட்டமைப்பு வேணும்னு எனக்குத் தோணுச்சு. ஒரு ஊராட்சியில 20 குழுன்னு வைங்க, குழுவுக்கு 12 பேர்னா 240 பேர். வீட்டுக்கு ரெண்டு செத்த போன்னா 480 போன். ஒரு போன் 150 கிராம்னா 72 கிலோ. ஏழு ஊராட்சி சேர்ந்தா 500 தாண்டிருது. சார்ஜர், வயரைச் சேர்க்காமலே. நம்ம வட்டாரத்துல ஏழு ஊராட்சிதானா இருக்கு?

அதனால எங்க குழு சார்பா கூட்டமைப்புகிட்ட கேட்கிறது இதுதான். கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டுக் கொட்டகையில ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்க. ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்துக்கு வர்றப்ப ஓடாத போனைக் கொண்டு வரட்டும். அழிச்சுக் கொடுக்கிறது, பேட்டரி கழட்டுறது, எடை போட்டு எழுதுறது எங்க நாலு பேர் பொறுப்பு. ஆலைக்காரங்ககிட்ட விலை பேசறது மட்டும் கூட்டமைப்புப் பேர்ல நடக்கணும். தனிக் கடையாப் பேசினா கேட்க மாட்டாங்க, அத்தனை ஊராட்சியும் சேர்ந்து பேசினா கேட்பாங்க. வர்ற பணத்துல குழுக்களுக்கு எடைக்குத் தகுந்த பங்கு. மகளிர் திட்ட சார் மேடம்கிட்ட ஒரு வேண்டுகோள், அந்த 30 நாள் பயிற்சியோட போர்டு வேலைக்கு இன்னொரு 15 நாள் சேர்த்து, பெண்களுக்குன்னு தனி பேட்ச் ஒண்ணு போடச் சொல்லுங்க. மைக்ராஸ்கோப் வச்சு ஈயம் வைக்கிற வேலையை எங்களுக்கு இன்னும் சரியாச் சொல்லித் தரல.

அந்த 4,500 ரூபாய் என்னாச்சுன்னு கேட்பீங்க. அன்னைக்குக் கூட்டத்துல கைதூக்கிப் பார்த்தப்ப வேண்டாம்னுதான் நிறையக் கை. வேணும்னு சொன்ன அக்காவே அந்த மாசத் தவணைக்கு அவங்க சேமிப்புல இருந்து 2,000 உள்கடனா கொடுக்கச் சொன்னாங்க. ஆனா எத்தனை மாசம் இப்படி ஓட்ட முடியும்? மூட்டை அங்கயேதான் இருக்கு. வியாபாரியும் வாரா வாரம் எட்டிப் பார்த்துட்டுத்தான் போறார்.

நாங்க கேட்டிருக்கிறது அடுத்த மாசக் கூட்டத்துல ஏழாவது தீர்மானமா வருதுன்னு செயலாளர் சொல்லியிருக்காங்க. படிச்சுப் பார்த்துட்டு, சந்தேகம் இருந்தா கடைக்கு வந்து கேளுங்க, நோட்டு, மூட்டை எல்லாம் காட்டுறோம். அன்னைக்கு வர்றப்ப வீட்டுல சும்மா கிடக்கிற போனைக் கொண்டு வாங்க. பேட்டரி உப்பியிருந்தா மட்டும் அதைப் பையில போட்டு பஸ்ல எடுத்துட்டு வராதீங்க, அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல மணல் மேல வச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்.